விருந்தாளி கை வைத்தாலும் விளக்கு எரிய வேண்டும்: சிக்கனமாக ஒரு ஸ்மார்ட் ஹோம்

நான் வாங்கிய முதல் ஸ்மார்ட் பல்ப் சரியாக ஒரு வாரம்தான் ஸ்மார்ட்டாக இருந்தது. கூடத்தில் மாட்டியிருந்தேன். போனில் தொட்டால் எரிந்தது, நிறம் மாறியது, சொன்ன பேச்சைக் கேட்டு அணைந்தது. வீட்டுக்கு வந்திருந்த அத்தை கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனார். பல்புக்கு மின்சாரமே போகவில்லை. அப்புறம் நான் போனில் எத்தனை முறை தொட்டால் என்ன? இனி யாரும் அணைக்கக் கூடாதென்று சுவிட்சின் மேல் டேப் ஒட்டி வைத்தேன். சில நாளிலேயே ஒரு ராத்திரி இணையம் போனது. எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைக்க வழியில்லாமல், அந்த டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி இது: வீட்டில் எதை மாற்றினாலும், அதுவரை அதை எப்படி இயக்கினார்களோ அப்படியே இனியும் இயக்க முடிய வேண்டும். போன், குரல், சென்சார் எல்லாம் அதற்கு மேல் வரும் வசதிகள். இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் வீட்டில் சண்டை குறையும். செலவும் குறையும், கடையில் ஆசையாகப் பார்க்கிற பொருள்களில் பாதி இதில் தேறாது. கீழே உள்ள படிகளெல்லாம் இந்த விதியை ஒட்டியவைதான்.

முதலில் ஒரு தாள், ஒரு பேனா

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் உங்களுக்கு எங்கெல்லாம் எரிச்சல் வருகிறது என்று எழுதுங்கள். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் இருட்டில் சுவரைத் தடவுவது. வாசல் விளக்கு விடிந்த பிறகும் எரிவது. ஹீட்டரை அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியில் சந்தேகம் வருவது. சலவை இயந்திரம் முடிந்தது தெரியாமல் துணி உள்ளேயே கிடந்து வாடை அடிப்பது. இப்படி.

வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் கேளுங்கள். நீங்கள் நினைத்திருந்த பட்டியலும் அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். என் பட்டியலில் நிறம் மாறும் விளக்கு முதலில் இருந்தது; வீட்டில் மற்ற யாருக்கும் அது தேவைப்படவில்லை.

வாரக் கடைசியில் அதிகம் திரும்பத் திரும்ப வந்த மூன்றை மட்டும் வட்டமிடுங்கள். முதல் இரண்டு மாதத்துக்கு அந்த மூன்று போதும். தள்ளுபடி என்று சொல்லி பத்துப் பொருள் அடங்கிய பெட்டியை வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய வீண் செலவு. அதில் நான்கைந்து பொருள் அலமாரியை விட்டு வெளியே வராது.

எந்த மொழியில் பேசும்?

வீட்டைத் தொலைவிலிருந்து இயக்கும் ஆசை புதிதல்ல. 1975-லேயே ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டில் ஓடும் மின்கம்பி வழியாகவே கட்டளையும் போகும். இன்று கம்பிக்குப் பதில் ரேடியோ அலை. ஆனால் எல்லாச் சாதனங்களும் ஒரே மொழியில் பேசுவதில்லை. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

வைஃபை சாதனங்கள் நேரடியாக உங்கள் ரூட்டரோடு சேரும். தனியாக ஹப், அதாவது சாதனங்களை ஒன்றாகச் சேர்க்கும் நடுப்பெட்டி, எதுவும் வேண்டாம். மலிவு. இரண்டு மூன்று பிளக், ஒரு விளக்கு என்று ஆரம்பிப்பவருக்கு இதுவே சரி. குறை என்னவென்றால், ஒவ்வொன்றும் ரூட்டரில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மலிவான ரூட்டர் ஒன்றில் முப்பது பல்புகளை ஏற்றினால் அது திணற ஆரம்பிக்கும். பேட்டரியில் ஓடும் சென்சாருக்கும் வைஃபை பொருந்தாது, ஏனென்றால் அது பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும்.

ஜிக்பீ என்ற இன்னொரு ரேடியோ முறை அந்தக் குறைக்கு மருந்து. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். பொத்தான் பேட்டரி ஒன்றிலேயே ஒரு கதவு சென்சார் ஓராண்டுக்கு மேல் தாங்கும். மின்சாரத்தில் நேரடியாக ஓடும் ஜிக்பீ பிளக்குகளும் பல்புகளும் தமக்குள் வலைபோலக் கோர்த்துக்கொண்டு, ஒன்று சொன்னதை அடுத்ததற்குக் கடத்தும். பேட்டரிச் சாதனங்கள் கடத்தாது. அதனால் வீட்டின் மூலையில் ஒரு சென்சார் அடிக்கடி தொடர்பு அறுந்தால், நடுவில் ஒரு ஜிக்பீ பிளக்கை வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் ஜிக்பீக்கு ஒரு ஹப் வேண்டும். அமேசான் எக்கோ ஸ்பீக்கரின் நான்காம் தலைமுறையில் அது உள்ளேயே இருக்கிறது. ஃபிலிப்ஸ் ஹியூ, ஐகியா போன்றவை தங்கள் ஹப்பைத் தனியாக விற்கின்றன.

இசட்-வேவ் என்று இன்னொன்று உண்டு. நல்லதுதான். ஆனால் நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும், விலையும் அதிகம். சிக்கனமாக ஆரம்பிப்பவர் இதை விட்டுவிடலாம்.

திரெட் என்பது ஜிக்பீக்கு அடியில் இருக்கும் அதே ரேடியோ அடிப்படையில், ஆனால் இணைய முகவரியோடு ஓடும் வலை. இதற்கு பார்டர் ரூட்டர் எனும் வாசல் வேண்டும். ஆப்பிள் ஹோம்பாட் மினி, கூகுள் நெஸ்ட் ஹப்பின் இரண்டாம் தலைமுறை போன்றவற்றில் அது இருக்கிறது.

மேட்டர் என்ற பெயரைப் பெட்டிகளில் இப்போது அதிகம் பார்ப்பீர்கள். இது தனி ரேடியோ இல்லை; வைஃபை, திரெட் ஆகியவற்றின் மேல் ஓடும் பொது மொழி. அமேசான், ஆப்பிள், கூகுள், சாம்சங் எல்லோரும் சேர்ந்திருக்கும் கூட்டமைப்பு, 2022 அக்டோபரில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. ஒரே பல்பை அலெக்ஸாவிலும் ஆப்பிள் ஹோமிலும் ஒரே நேரத்தில் சேர்க்கலாம். கட்டளை வெளியே எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய் வராமல் வீட்டுக்குள்ளேயே முடியும். எனவே இரண்டு பிளக் ஒரே விலையில் இருந்து, ஒன்றில் மட்டும் மேட்டர் முத்திரை இருந்தால் அதை எடுங்கள். ஆனால் முத்திரைக்காகவே இரு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. பெட்டியில் ‘மேட்டர் ஓவர் திரெட்’ என்று போட்டிருந்தால், பார்டர் ரூட்டர் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியவரும்.

வீட்டுக்கு ஓர் ஆப்

ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லும். முதலில் போட்டுத்தான் ஆக வேண்டும், ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் அதில்தான் வரும். ஆனால் அன்றாடம் திறப்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் ஐபோன் என்றால் ஆப்பிள் ஹோம். கலவை என்றால் கூகுள் ஹோமோ அலெக்ஸாவோ. இதில் எது உயர்ந்தது என்று நாள் கணக்கில் ஆராயாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே எந்த ஸ்பீக்கர் இருக்கிறதோ, எது எல்லோர் போனிலும் ஓடுமோ அதுதான் உங்களுக்கு.

உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை வீட்டில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம். மேற்சொன்ன ஆப்களில் குடும்ப உறுப்பினராக அழைக்கும் வசதி இருக்கிறது. அவரவர் கணக்கில் அவரவர் சேரட்டும்.

கொஞ்சம் கைவேலை பிடித்தவர்களுக்கு ஹோம் அசிஸ்டெண்ட் என்ற திறந்த மூல மென்பொருள் உண்டு. பவுலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013-ல் தொடங்கியது. ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியிலோ சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினியிலோ ஓடும். பல கம்பெனிச் சாதனங்களை ஒரே இடத்தில் சேர்க்கும், முடிந்தவரை எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பென் டிரைவ் போலிருக்கும் ஒரு ஜிக்பீ யூஎஸ்பி டாங்கிளைச் செருகினால் தனி ஹப்பே வேண்டாம். டாங்கிளை நேரடியாகச் செருகாமல் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள், யூஎஸ்பி 3.0 துளையிலிருந்து வரும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். இது தெரியாமல் ஜிக்பீயையே திட்டுபவர்கள் நிறைய. ஆனாலும் முதல் நாளே இதில் குதிக்கச் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் கழித்து, சாதாரண ஆப் போதவில்லை என்று தோன்றினால் அப்போது வாருங்கள்.

ரூட்டரைத் தயார் செய்யுங்கள்

மலிவான வைஃபை சாதனங்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். உங்கள் போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால், சேர்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்காமல் தவிக்கும். ‘சாதனம் கிடைக்கவில்லை’ என்று ஆப் சொல்லும் நேரங்களில் பாதிக்கு மேல் காரணம் இதுதான். ரூட்டர் அமைப்பில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுக்க வசதி இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் சேர்க்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸை அணைத்து வையுங்கள். அதுவும் முடியாத ரூட்டர் என்றால், சாதனத்தை எடுத்துக்கொண்டு ரூட்டரிலிருந்து இரண்டு சுவர் தள்ளிப் போய் முயன்று பாருங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் வலுவில்லாதது; போன் தானாகவே 2.4-க்கு இறங்கிவிடும்.

வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் சில பழைய சாதனங்கள் சேராது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த தேர்வில் வையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: நாளைக்கு ரூட்டரை மாற்றினால், புது ரூட்டருக்கும் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். எல்லாச் சாதனங்களும் ஒன்றும் நடக்காததுபோலத் தாமாகவே சேர்ந்துவிடும். நான் இதை அறியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணியில் ஏறி ஏறி இறங்கினேன்.

முதல் பொருள்: பிளக்

கற்றுக்கொள்ள ஸ்மார்ட் பிளக்கைப் போல வாகானது வேறில்லை. கம்பி தொட வேண்டாம்; பிடிக்கவில்லை என்றால் பிடுங்கி வைத்துவிடலாம்; அதன் மேலேயே ஒரு பொத்தான் இருப்பதால் நம் விதிக்கும் பொருந்தும்.

வாங்குமுன் இரண்டு சோதனை. முதலாவது, எவ்வளவு சுமை தாங்கும் என்பது. பிளக்கில் ஆம்பியர் எண் போட்டிருக்கும். வோல்டேஜை அதனால் பெருக்கினால் வாட். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் பிளக் 2300 வாட் வரை. மணிக்கணக்கில் ஓடும் கருவி என்றால் அதில் 80 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 1800 வாட்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. மோட்டாரும் கம்ப்ரசரும் உள்ள கருவிகள் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் உள்ளே இருக்கும் ரிலே எனும் தானியங்கிச் சுவிட்ச் சுட்டு ஒட்டிக்கொண்டுவிடலாம். ஆப்பில் அணைந்ததாகக் காட்டும், கருவி ஓடிக்கொண்டே இருக்கும். எனவே ஏசி, தண்ணீர் மோட்டார், பெரிய ஹீட்டர் ஆகியவற்றுக்குச் சாதாரண பிளக் வேண்டாம். ஃபிரிட்ஜுக்கும் வேண்டாம். யாராவது தவறித் தொட்டால் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுவிடும். அயர்ன் பாக்ஸ், அறை ஹீட்டர் போன்றவற்றை ஆள் இல்லாத நேரத்தில் தொலைவிலிருந்து போடுவது ஆபத்து. அணைக்க மட்டும் பயன்படுத்தலாம்.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது. கருவியை ஓடவிட்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். தானாக ஓட ஆரம்பித்தால் ஸ்மார்ட் பிளக் அதற்கு உதவும். தொடு பொத்தானோ ரிமோட்டோ உள்ள கருவி ‘நீ வந்து அழுத்து’ என்று சும்மா இருக்கும்; அதற்கு ஸ்மார்ட் பிளக் வாங்கிப் பயனில்லை. ரிமோட்டில் ஓடும் ஏசிக்கும் டிவிக்கும் வழி வேறு: ஐஆர் பிளாஸ்டர் என்ற சின்ன டப்பா. பழைய ரிமோட் அனுப்பும் அதே அகச்சிவப்புச் சமிக்ஞையை இதுவும் அனுப்பும். கருவியை அது நேராகப் பார்க்கும்படி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய ரிமோட்டும் வழக்கம்போல வேலை செய்யும்.

மின்சாரத்தை அளந்து காட்டும் பிளக்குக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். சும்மா நிற்கும்போது 5 வாட் இழுக்கும் பெட்டி ஒன்று ஆண்டுக்குச் சுமார் 44 யூனிட் தின்னும். எது தின்கிறது என்று ஒரு பிளக்கை ஒவ்வொரு கருவியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். சலவை இயந்திரம் முடிந்ததைத் தெரிந்துகொள்ளவும் இதுவே போதும், ஆம்பியர் தாங்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள். மின்சாரம் சில நிமிடம் தொடர்ந்து 5 வாட்டுக்குக் கீழே இருந்தால் போனுக்குச் செய்தி அனுப்பு என்று எழுதினால் ஆயிற்று. அந்த வசதி உங்கள் ஆப்பில் உண்டா என்பதையும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள். எல்லா ஆப்பிலும் இராது.

சேர்க்கும் முறை ஏறக்குறைய எல்லாச் சாதனத்துக்கும் ஒன்றுதான். போனில் புளூடூத்தும் இருப்பிட அனுமதியும் திறந்திருக்கட்டும். பிளக்கைச் செருகி, அதன் பொத்தானை விளக்கு வேகமாக மினுக்கும் வரை, சுமார் ஐந்து நொடி, அழுத்திப் பிடியுங்கள். ஆப்பில் ‘சாதனம் சேர்’ என்பதைத் தொட்டு, வைஃபை பாஸ்வேர்டைக் கொடுங்கள். மேட்டர் என்றால் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். அந்தக் கோடையும் அதன் கீழே இருக்கும் 11 இலக்க எண்ணையும் சுவரில் மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் மறுபடி சேர்க்க வேண்டி வந்தால், சுவிட்ச் பெட்டியைக் கழற்றித்தான் அதைப் பார்க்க முடியும் என்ற நிலை வரக்கூடாது.

உடனே பெயர் வையுங்கள். கம்பெனி கொடுத்த ‘பிளக் 4சி2ஏ’ என்ற பெயரை அப்படியே விட்டால், பத்துச் சாதனம் ஆனதும் எது எதுவென்று தெரியாது. முதலில் அறையின் பெயர், அடுத்து பொருளின் பெயர். குரலில் கூப்பிடப் போகிறீர்கள் என்றால் ஒலியில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு பெயர்களைத் தவிருங்கள்.

பல்பா, சுவிட்சா?

என் அத்தை கதை இங்கேதான் முடிவுக்கு வருகிறது. நிறமோ வெளிச்ச அளவோ மாற வேண்டும் என்றால் பல்ப். வெறுமனே எரிந்து அணைந்தால் போதும் என்றால் சுவிட்ச். ஒரு சுவிட்சில் நான்கு விளக்கு ஓடும் இடத்தில் நான்கு ஸ்மார்ட் பல்ப் வாங்குவதைவிட, சுவிட்சுக்குப் பின்னால் ஒரு சின்ன ரிலே வைப்பது மலிவு. ஷெல்லி, சோனாஃப் போன்றவர்கள் ஏறக்குறைய தீப்பெட்டி அளவில் அதை விற்கிறார்கள். பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். தட்டினால் எரியும், போனிலும் எரியும். இணையம் இல்லாவிட்டாலும் எரியும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அங்கே ஏதோ மாற்றியிருக்கிறோம் என்பதே தெரியாது.

இதற்கு முன் பார்க்க வேண்டியது நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி. சாதாரண சுவிட்சுக்கு ஃபேஸ் மட்டும் வந்து போனால் போதும் என்பதால், பல வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வந்திருக்காது. ரிலேவோ விளக்கு அணைந்திருக்கும்போதும் வைஃபையில் காத்திருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும், நியூட்ரல் இல்லாமல் அந்தச் சுற்று முடியாது. நியூட்ரல் வேண்டாத சுவிட்சுகளும் கிடைக்கின்றன. அவை விளக்கின் வழியாகவே சிறிது மின்சாரத்தைக் கசியவிட்டு உயிர் வாழும். அதனால் குறைந்த வாட் எல்இடி அணைந்த பிறகும் மங்கலாக மினுங்கலாம். அந்த மினுங்கல் வந்தால் பல்ப் பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். விளக்கோடு இணைக்கும் ஒரு சின்ன பைபாஸ் கெபாசிட்டர் அதைச் சரிசெய்யும்.

இந்த வேலையை எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். பிளக் வரை நம் கைவரிசை போதும். சுவருக்குள் அது வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது, பெட்டியின் ஆழம் போதுமா, நியூட்ரல் இருக்கிறதா, மாடிப்படி விளக்குபோல இரண்டு இடத்தில் சுவிட்ச் உள்ளதா என்பதை அவரைப் பார்க்கச் சொல்லி, அதற்குப் பிறகு வாங்குவது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விளக்கு டிம்மரை ஃபேனுக்குப் போடக் கூடாது. மோட்டார் முனகும், சூடேறும். ஃபேன் வேகத்துக்கென்றே செய்த சுவிட்ச் தனியாக உண்டு.

வாடகை வீடு என்றால் சுவரைத் தொட முடியாது, பல்ப்தான் வழி. அப்போது நம் விதியைக் காப்பாற்ற, சுவரில் ஒட்டும் பேட்டரிப் பொத்தான் ஒன்றைப் பழைய சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஜிக்பீயில் பொத்தானையும் பல்பையும் நேரடியாகப் பிணைக்கும் வசதி உண்டு. அப்படிப் பிணைத்துவிட்டால் ஹப் அணைந்திருந்தாலும் அது வேலை செய்யும். பல்பின் அமைப்பில் ‘மின்சாரம் திரும்பி வந்தால்’ என்ற தேர்வையும் தேடிப் பாருங்கள். பல பல்புகள், மின்சாரம் போய் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் கடையிலிருந்து வருகின்றன. நடு இரவு மூன்று மணிக்குப் படுக்கையறை பளிச்சென்று விடிந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘பழைய நிலைக்கே திரும்பு’ என்று மாற்றிவிடுங்கள்.

சென்சார் வந்த பிறகு

போனில் விளக்கைப் போடுவது உண்மையில் முன்னேற்றமே இல்லை. சுவரில் ஒரு தட்டில் முடிவதற்கு, போனை எடுத்து, பூட்டைத் திறந்து, ஆப்பைத் தேடி, தொட வேண்டியிருக்கிறது. வீடு உண்மையில் உதவ ஆரம்பிப்பது சென்சார் வந்த பிறகுதான்.

ஓர் ஆட்டோமேஷனை மூன்று துண்டாக எழுதுங்கள்: எது நடந்தால், எந்த நிலையில், என்ன செய்ய வேண்டும். ராத்திரி நடைவழிக்கு நான் எழுதியது இது. அசைவு தெரிந்தால், நேரம் 11 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் என்றால், விளக்கு பத்து சதவீத வெளிச்சத்தில் எரியட்டும், அசைவு நின்று இரண்டு நிமிடத்தில் அணையட்டும். வாசல் விளக்குக்கு நேரம் குறிப்பிடாமல் சூரிய அஸ்தமனம், உதயம் என்று கொடுங்கள். பருவத்துக்கு ஏற்ப ஆப்பே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அசைவு சென்சார்களில் மலிவானது பிஐஆர். உடல் வெப்பம் அதன் பார்வையில் குறுக்கே நகர்வதைப் பார்க்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளை அதற்குத் தெரியாது. அதைக் குளியலறையில் வைத்தவர்களுக்கு, நடுவில் விளக்கு அணைந்து, கையை ஆட்டி ஆட்டி மறுபடி எரியவைத்த அனுபவம் இருக்கும். அங்கே அணையும் நேரத்தை நீட்டுங்கள், அல்லது மூச்சு விடும் அசைவைக்கூட உணரும் எம்எம்வேவ் ரேடார் சென்சார் வாங்குங்கள். நடைவழிக்கும் மாடிப்படிக்கும் பிஐஆர் போதும். அதை ஆள் நேராக எதிரே நடந்து வரும்படி வைக்காமல், குறுக்கே கடந்து போகும்படி வையுங்கள், சீக்கிரம் பிடிக்கும். ஹீட்டருக்கோ வெயில் படும் ஜன்னலுக்கோ எதிரே வேண்டாம்.

கதவு சென்சார் என்பது ஒரு காந்தமும் அந்தக் காந்தம் நெருங்கினால் இயங்கும் ஒரு சின்ன ரீட் சுவிட்சும்தான். கதவு திறந்தே கிடந்தால் பத்து நிமிடம் கழித்துச் சொல்லும். அலமாரிக்குள் விளக்குப் போடவும் ஆகும். ஆனால் சென்சார்களில் எனக்கு மிகப் பிடித்தது நீர்க்கசிவு சென்சார். சலவை இயந்திரத்துக்கு அடியிலும் கழுவும் தொட்டிக்குக் கீழேயும் வைத்துவிட்டு மறந்துவிடலாம். மற்ற எல்லாம் சௌகரியம். இது ஒருநாள் தரையையும் மரச்சாமானையும் காப்பாற்றும். பேட்டரி மட்டும் குறைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புகை எச்சரிக்கைக் கருவிக்கு மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். தரச்சான்று பெற்ற, தானே அலறும் கருவி இருக்க வேண்டும். போனில் வரும் செய்தி அதற்கு மேல் வேண்டுமானால் வரட்டும்.

வாரத்துக்கு ஓர் ஆட்டோமேஷன் போதும். ஐந்தை ஒன்றாகப் போட்டால், விளக்கு ஏன் தானாக அணைந்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும். வீட்டில் ஒருவர் ‘இது தொல்லை’ என்று சொன்னால் வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டும் கேமராவும்

2016-ல் மிராய் என்ற தீநிரல், இணையத்தில் இருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது. பெரிய மந்திரம் எதுவும் இல்லை. கம்பெனிகள் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டுகளில் அறுபதுக்கும் சற்று அதிகமானவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவே இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாச் சாதனத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பது சட்டப்படி தடை. மற்ற இடங்களில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றுங்கள். ஆப் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அப்டேட் தானாக வரும்படி வையுங்கள். சாதனங்கள் நம்மைக் கேட்காமல் வெளி இணையத்துக்கு வாசல் திறக்க விடும் யூபிஎன்பி என்ற அமைப்பை ரூட்டரில் அணைத்துவிடுங்கள். மலிவான வைஃபை சாதனங்களை விருந்தினர் நெட்வொர்க்கில் ஒதுக்கி வைக்கலாம். அங்கிருந்து உங்கள் கணினியை அவை எட்டிப் பார்க்க முடியாது. மேட்டர் சாதனங்கள் மட்டும் ஹப் இருக்கும் அதே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று காணாது.

வீட்டுக்குள் கேமரா வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள். படுக்கையறையில் கூடவே கூடாது. கூடத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால், அதை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகி, ஆள் வீட்டில் இருக்கும்போது மின்சாரமே போகாதபடி வையுங்கள். ஸ்மார்ட் பூட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில். வாங்கினாலும் சாவித் துவாரம் உள்ளதாக வாங்கி, ஒரு சாவியை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள்.

கம்பெனி கடையை மூடினால்

ரிவால்வ் என்ற ஹப்பை நெஸ்ட் நிறுவனம் 2014-ல் வாங்கியது; 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஹப்புகள் அன்றோடு வெறும் டப்பாவாயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. கடைசியில் அதன் பயனர்கள் சிலரே சேர்ந்து வாங்கி உயிர்ப்பித்தார்கள். எல்லாக் கம்பெனிக்கும் அப்படி ஒரு கூட்டம் வாய்க்காது.

உங்கள் வீடு எவ்வளவு தாங்கும் என்று இப்போதே பார்த்துவிடலாம். ரூட்டரை அணைக்காமல், அதற்கு வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். எவையெல்லாம் இன்னும் வேலை செய்கின்றன என்று தாளில் எழுதுங்கள். சுவர் சுவிட்சுகள் எல்லாம் வேலை செய்ய வேண்டும். ஜிக்பீ, மேட்டர் ஆட்டோமேஷன்கள் பெரும்பாலும் ஓட வேண்டும். குரல் கட்டளை பெரும்பாலும் நிற்கும், அது எதிர்பார்த்ததுதான். முழுக்க முடங்கிப்போகும் சாதனம் எது என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை அந்த வகையில் இன்னொன்று வாங்க மாட்டீர்கள்.

ஹோம் அசிஸ்டெண்ட் வைத்திருப்பவர்கள் பேக்கப்பை அந்தக் கணினிக்கு வெளியேயும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பையில் செருகும் மைக்ரோ எஸ்டி அட்டைகள் ஓயாமல் எழுதி எழுதித் தேய்ந்து, ஒருநாள் திடீரென்று நின்றுவிடும்.

பழைய சாதனத்தை யாருக்காவது கொடுப்பதானால், முதலில் ஆப்பிலிருந்து நீக்குங்கள். அதற்கடுத்து அதன் பொத்தானை அழுத்திப் பிடித்துப் புதிதுபோல ரீசெட் செய்யுங்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு அதற்குள் இருக்கிறது. ஆப்பிலிருந்து நீக்காமல் கொடுத்தால், பல சாதனங்கள் புது ஆளின் கணக்கில் சேர மறுக்கும். அவர் ராத்திரி பத்து மணிக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்.